மார்கழியில் கம்பம் பள்ளத்தாக்கு: குடும்பத்தோடு ஒரு சாலைப் பயணத்தைத் திட்டமிடுதல்

தேனிப் பக்கம் டிசம்பரில் வண்டி எடுத்துக்கொண்டு போகலாமா என்று விசாரிக்கிற நண்பர்கள் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். எத்தனை கிலோமீட்டர்? எத்தனை மணி நேரம்? இரண்டுக்கும் கூகுள் மேப் பதில் சொல்லிவிடும். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு குளிர்காலப் பயணத்தைத் திட்டமிட முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த மலைப்பாதை, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு இறக்கம்?

இந்த வருஷம் இதை நானே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டி வந்தது. தங்கச்சி குடும்பம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறது. அங்கே பள்ளி விடுமுறை ஏறக்குறைய டிசம்பர் 23-லிருந்து ஜனவரி 6 வரைக்கும்தான். அவள் அனுப்பிய பட்டியலில் மூணாறு, தேக்கடி, மேகமலை, சுருளி அருவி, வைகை அணை எல்லாம் இருந்தன. மூன்று நாளில் முடிக்கணுமாம். வண்டியில் ஏழு பேர். மூத்தவர் 74 வயது அம்மா, இளையவன் ஆறு வயதுப் பையன், வளைவைக் கண்டாலே வாந்தி எடுப்பவன்.

ஜெர்மனிக்காரர்கள் குளிர்காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்

பேச்சுவாக்கில் தங்கச்சியிடம் அங்கே குளிர்காலத்தில் வண்டி ஓட்ட என்ன விதி என்று கேட்டேன். அவள் சொன்னதைப் பிறகு நானும் தேடிப் படித்தேன். ஜெர்மனியின் சாலைச் சட்டத்தில் குளிர்கால டயருக்குத் தேதி கிடையாது. சாலையில் பனி, உறைந்த ஈரம், வழுக்கும் பனிச்சேறு இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம், இல்லையென்றால் இல்லை. 2010-ல் இதைத் தெளிவாக்கினார்கள். 2024 அக்டோபரிலிருந்து மலைச்சிகரமும் பனித்துளியும் போட்ட முத்திரை உள்ள டயர் மட்டும்தான் செல்லும். மக்கள் நினைவில் வைத்துக்கொள்ள 'ஓ முதல் ஓ வரை' என்று ஒரு வழக்கு இருக்கிறது. ஒக்டோபரிலிருந்து ஓஸ்டர்ன் வரை, அதாவது அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை. ஆனால் அது வெறும் வழக்கு. சட்டம் பார்ப்பது சாலையின் நிலையை.

எனக்கு இது பிடித்துப்போச்சு. நம்ம ஊரில் பனி கொட்டாது, ஆனால் நமக்கும் ஒரு குளிர்காலச் சாலை நிலை உண்டு. மழையில் ஊறிய மலைச்சரிவு, மூடுபனி, சீக்கிரம் விழும் நிழல், அதோடு ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். இந்த நான்கும் எந்த வாரத்தில் எந்தப் பாதையில் சேருகின்றன என்று பார்த்தால் பாதித் திட்டம் முடிந்தது.

ஒரு பை, சில வாசல்கள்

கம்பம் பள்ளத்தாக்கை ஒரு பை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கே பழனி மலைத்தொடர், மேற்கே கேரளத்தின் ஏலமலைகள், தெற்கிலும் கிழக்கிலும் மேகமலை, வருசநாட்டு மலைகள். பையின் வாய் தேனிப் பக்கம். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாக வரும் சாலையும், மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாக வரும் சாலையும் தேனியில் சேர்கின்றன. அதுவரை சமதளச் சாலைதான், சிக்கல் இல்லை.

உள்ளே வந்த பிறகு மேலே ஏற நான்கு பாதைகள்.

முதலாவது, போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டு. 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. தேனியிலிருந்து மூணாறு சுமார் 85 கிலோமீட்டர்.

இரண்டாவது, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு. மூன்றாவது, கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி. இந்த மூன்றும் கேரளத்துக்குள் போகும் பாதைகள்.

நான்காவது, சின்னமனூரிலிருந்து மேகமலை. 18 கொண்டை ஊசி வளைவுகள். இது முட்டுச்சந்து. போன வழியேதான் திரும்பி வரணும். வனத்துறைச் சோதனைச்சாவடி மாலையில் மூடிவிடும், அதனால் நேரத்தைச் சின்னமனூரிலேயே விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். 2021-லிருந்து இந்தக் காடுகள் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம்.

மேப்பில் பார்த்தால் மூணாறும் தேக்கடியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 'காலையில் மூணாறு, மதியம் அப்படியே மேலேயே தேக்கடி, சாயங்காலம் குமுளி வழியா இறங்கிடலாம்' என்று தோன்றும். தங்கச்சியின் பட்டியலும் அப்படித்தான் இருந்தது. அந்தத் திட்டத்தின் கோளாறு கடைசி வரியில் இருக்கிறது. அந்த இறக்கம் இருட்டில்தான் வரும்.

மழைக்கு இரண்டு முகம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மலையின் கேரள முகத்தில் கொட்டுகிறது. நம்ம பள்ளத்தாக்கு அப்போது மழை மறைவில் இருக்கும், காற்று மட்டும் பிய்த்துக்கொண்டு போகும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது அந்தக் காற்றில்தான். அக்டோபரில் காற்று திரும்புகிறது. வடகிழக்குப் பருவமழை மலையின் தமிழ்நாட்டு முகத்தில் மோதுகிறது. ஆகவே ஜூலையில் கேரளப் பக்கச் சரிவுகளுக்கு உள்ள ஆபத்து, நவம்பரில் போடிமெட்டு, குமுளி, மேகமலைச் சரிவுகளுக்கு வருகிறது. போடிமெட்டுச் சாலையில் பாறை உருண்டது, இரவுப் போக்குவரத்துக்குத் தடை போன்ற செய்திகள் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருவதன் காரணம் இதுதான்.

அருவிகளுக்கும் இதே கணக்கு. கும்பக்கரையும் சுருளியும் மழைக்காலத்தில் அழகு. ஆனால் வெள்ளம் வந்தால் வனத்துறை குளிக்கத் தடை போட்டுவிடும். யானை நடமாட்டம் இருந்தாலும் சுருளியை மூடுவார்கள். 2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் நகருக்குள் வந்தபோது ஊரே பார்த்தது. அதனால் அருவியைத் திட்டத்தின் முதுகெலும்பாக வைக்காதீர்கள். திறந்திருந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழை விட்டு எல்லாம் காய்ந்த பிறகு போனால் பாதுகாப்புதானே என்று கேட்கலாம். ஜனவரி கடைசி வரை சரி. அதற்கு மேல் மலையில் புல் காய ஆரம்பிக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சாலையில் போகிறவருக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் 'மலையேறலாம்' என்று யாராவது ஆசை காட்டினால் மாதத்தைப் பாருங்கள், வனத்துறை அனுமதியையும் பாருங்கள்.

மாலை போட்டவர்களின் சாலை

கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை முதல் வாரம் வரை கம்பம் சாலை சபரிமலைக்குப் போகிறவர்களின் சாலை. வெளியூர் வண்டிகள் இரவு பகலாக இந்த வழியே போகும். டிசம்பர் 26, 27 வாக்கில் மண்டல பூஜை முடிந்து நடை சாத்துவார்கள், 30 வாக்கில் மறுபடி திறப்பார்கள். ஜனவரி 14-ஐ ஒட்டி மகர விளக்கு. அதற்கு முந்தைய நாட்களில்தான் உச்சக் கூட்டம். ஜனவரி 20 வாக்கில் எல்லாம் ஓயும்.

கூட்டம் கூடும் நாட்களில் போலீஸார் ஒருவழிப் பாதையாக மாற்றுவார்கள். சபரிமலைக்குப் போகும் வண்டிகள் கம்பம்மெட்டு வழியாக ஏறணும், திரும்பும் வண்டிகள் குமுளி வழியாக இறங்கணும். தேக்கடிக்குப் போகிற நீங்களும் அந்த நேரத்தில் கம்பம்மெட்டு, புற்றடி, அணைக்கரை என்று சுற்ற வேண்டி வரலாம். மேப் இதைச் சொல்லாது. கம்பத்தில் டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இறக்கத்தின் கணக்கு

ஏற்றத்தைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு நாம் இறக்கத்தைப் பார்த்துப் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான்.

போடிமெட்டிலிருந்து அடிவாரம் வரை ஏறக்குறைய 1,000 மீட்டர் உயர வித்தியாசம். ஏழு பேரும் பெட்டிகளும் சேர்ந்து வண்டியின் எடை 2,000 கிலோ என்று வைப்போம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 2 கோடி ஜூல். பள்ளிக்கூடப் பாடம்தான். இந்த ஆற்றல் எங்கேயாவது போயாகணும். இறக்கம் முழுக்க பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தால் ஏறக்குறைய எல்லாமே பிரேக்கில் வெப்பமாக மாறும். 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. நான்கு சக்கரத்தில் இருக்கும் சின்ன இரும்புத் தட்டுகள் அதைத் தாங்கணும். சூடு அதிகமானால் பிரேக்கின் பிடி குறையும். பெடல் கடைசி வரை போகும், வண்டி நிற்காது. குமுளி இறக்கத்தில் உயரம் இதில் பாதிக்குக் கிட்ட இருக்கும், ஆபத்து பாதியாகிவிடாது.

தீர்வு நம்ம ஊர் டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு. இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்குக்கு வேலை குறையும். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கீழ் கியரைப் பிடித்து வைக்க வழி இருக்கும், மலை ஏறுவதற்கு முன்பே அதைப் பழகிக்கொள்ளுங்கள். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடணும். அது மரியாதை மட்டும் இல்லை, சாலை விதியே அப்படித்தான். மூடுபனியில் ஹை பீம் போடாதீர்கள். பனியில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

அடுத்தது வெளிச்சம். ஸ்டுட்கார்ட்டில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தேனியில் பதினொன்றரை மணி நேரம். காலை ஆறரைக்கு விடியும், மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் மேல் இருட்டும். தங்கச்சி, "அண்ணே, மூணு மணி நேரம் கூடுதலா இருக்கே, அப்புறம் என்ன?" என்றாள். ஆனால் கேரளம் போகும் நம்ம மலைப்பாதைகள் மூன்றும் பள்ளத்தாக்கின் மேற்குச் சுவரில், கிழக்கு பார்த்து இருக்கின்றன. காலையில் ஏறும்போது சூரியன் முதுகுப் பக்கம், வெளிச்சம் அருமையாக இருக்கும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் கீழே ஊரில் வெயில் இருக்கும்போதே பாதையில் நிழல் விழுந்துவிடும். அதோடு மூடுபனியும் இறங்கும். 1,000 மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பதால் குளிரும் சேர்ந்துகொள்ளும்.

2022 டிசம்பர் 23 இரவை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. சபரிமலையிலிருந்து ஊர் திரும்பிய ஒரு வண்டி குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்தது. லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டு போகும் ராட்சதக் குழாய்கள் இருக்கிற இடம். எட்டு பேர் இறந்துபோனார்கள். அவர்கள் தூரத்திலிருந்து வந்தவர்கள் கிடையாது, ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரர்கள். வீட்டுக்கு இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம்தான். அந்த விபத்தின் காரணத்தை நான் இங்கே ஆராயப் போவதில்லை. இரவு, இறக்கம், நீண்ட பயணத்தின் கடைசிக் கட்டம் என்ற மூன்றும் என் திட்டத்தில் ஒரே நேரத்தில் சேரக்கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன்.

தேதி

சாலையை மட்டும் பார்த்தால் சிறந்த நாட்கள் ஜனவரி 20-க்குப் பிறகு. மழை ஓய்ந்திருக்கும், பக்தர் கூட்டம் இருக்காது, இரண்டாம் போக நெல் பச்சையாக நிற்கும். குடியரசு தின விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடணும். அடுத்தது பொங்கல் நாட்கள். கூட்டம் இருந்தாலும் ஊர் அழகாக இருக்கும். ஜனவரி 15 பென்னிகுயிக் பிறந்தநாள், பள்ளத்தாக்கு முழுக்கப் பொங்கல் வைப்பார்கள்.

எங்களுக்கு இரண்டும் கிடையாது. தங்கச்சி ஜனவரி 6-க்குள் திரும்பணும். டிசம்பர் 24 முதல் புத்தாண்டு வரை அரையாண்டு விடுமுறைக் கூட்டம் மூணாறையும் தேக்கடியையும் நிரப்பிவிடும். ஆக மிச்சம் இருந்தது ஜனவரி 2-லிருந்து 5 வரை. சுற்றுலாக் கூட்டம் வடிய ஆரம்பித்திருக்கும், மகர விளக்கு உச்சம் இன்னும் வந்திருக்காது. நல்ல தேதி இல்லை. கிடைத்ததில் பரவாயில்லாத தேதி.

நாங்கள் போட்ட திட்டம்

ஒரே இடத்தில் மூன்று இரவு தங்குவது, அதுவும் கீழே, பள்ளத்தாக்கில். ஒரு நாளைக்கு ஒரு மலைப்பாதைதான். மதியம் இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்புவது. நான்கரைக்குள் அடிவாரம். இந்த நான்கு விதியையும் எழுதிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன்.

அம்மாவும் குழந்தைகளும் சென்னையிலிருந்து ரயிலில் வருகிறார்கள். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் பாதை மூடிய பிறகு பத்து வருஷத்துக்கு மேல் தேனிக்கு ரயிலே இல்லை. 2022 மே மாதம் மதுரையிலிருந்து தேனி வரை அகலப்பாதை வந்தது, 2023 ஜூனில் போடி வரை நீண்டது. வாரத்தில் மூன்று நாள் சென்னையிலிருந்து போடிக்கு இரவு ரயில் இருக்கிறது. வண்டியை நானும் மாப்பிள்ளையும் மாற்றி மாற்றி ஓட்டி, நடுவில் திண்டுக்கல்லில் தங்கிக் கொண்டுவருவோம். வாடகை வண்டி எடுக்கிறவர்கள் கேரளத்துக்கான பர்மிட், வரி எல்லாம் கட்டியாச்சா என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வைகை அணை. இரண்டாம் நாள் விடிந்ததும் கம்பம், லோயர் கேம்ப், குமுளி, தேக்கடி. மூன்றாம் நாள் மேகமலை. மேகம் கவிந்திருந்தால் அதை விட்டுவிட்டுக் கம்பத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம். ஆண்டு முழுக்கத் திராட்சை கிடைக்கும் ஊர், 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சனிக்கிழமை என்றால் குச்சனூர்ப் பக்கம் சனீஸ்வரர் கோயில் கூட்டம் இருக்கும், கூடுதல் நேரம் வையுங்கள்.

மூணாறு இல்லை. தங்கச்சி மகளுக்குக் கோபம், பதினைந்து வயது. அவளுக்கு நான் சொன்ன சமாதானம் இது. தேக்கடியில் படகு போகிற ஏரி முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். அணையைப் பொதுமக்கள் பார்க்க முடியாது, அது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அரபிக்கடலுக்குப் போக வேண்டிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1895 அக்டோபர் 10-ல் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் லோயர் கேம்பில் குழாய் வழியாக இறங்கி மின்சாரம் கொடுத்து, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கருக்கு இரண்டு போகம் பாய்ந்து, வைகையில் கலந்து, 1959-ல் கட்டி முடித்த வைகை அணையில் தேங்குகிறது. ஒரே தண்ணீரை மூன்று இடத்தில் பார்க்கலாம். மலையில் ஏரியாக, சரிவில் குழாயாக, சமவெளியில் அணையாக. மூணாறில் தேயிலை இருக்கும், இந்தக் கதை இருக்காது.

அவள் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் அம்மாவுக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. அவர் பிறந்த வீட்டில் சாமி படங்களோடு பென்னிகுயிக் படமும் மாட்டியிருந்தது. கூடலூர்ப் பக்கம் இது சாதாரணம். லோயர் கேம்பில் 2013-ல் திறந்த மணிமண்டபத்தை அம்மா இதுவரை பார்த்ததில்லை. யாருடைய பட்டியலிலும் அது இல்லை, அவரும் வாய் திறந்து கேட்கவில்லை. திட்டத்தை வாசித்துக் காட்டியபோதுதான், "அங்க கொஞ்ச நேரம் எறங்கி உக்காரலாமாடா?" என்றார். இரண்டாம் நாள் காலையில் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். மலை ஏறுவதற்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில்.